மைலோ டின்னுக்குள் மாத்திரை: வீட்டில் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 28. சிங்கப்பூரில், யீஷூனில் நாலறை வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், பாட்டியோடு இருக்கிறேன். போன வருடம் மார்ச் மாதம் எனக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) இருப்பதாக டாக்டர் சொன்னார். இரவில் 800 மில்லிகிராம் லித்தியம் சாப்பிடுகிறேன். எட்டு மாதமாக நன்றாக இருக்கிறேன், வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரையைப் பழைய மைலோ டின்னில் போட்டு அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டபோது வைட்டமின் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. மூன்று முறை சந்தித்துப் பேசினோம், எனக்கும் பிடித்திருக்கிறது. கல்யாணம் கூடிவந்தால் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, அதிர்ச்சியைத் தாங்குவாரா என்று பயமாக இருக்கிறது. அம்மாவின் தம்பி ஒருவர் பல வருடம் வுட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனையில் இருந்ததாகப் பாட்டி ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். அதற்கு மேல் யாரும் அதைப் பேசுவதில்லை. பெரியம்மா காதுக்குப் போனால் தேக்கா முழுக்கத் தெரிந்துவிடும். சொல்வதா, சொல்லாமலே இருந்துவிடுவதா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள்: அண்ணன், அம்மா, மாப்பிள்ளை, பெரியம்மா, ஆபீஸ். ஐந்து பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ‘சொல்வதா வேண்டாமா’ என்பதை விட்டுவிட்டு, ‘இவருக்குத் தெரிந்தால் எனக்கு என்ன உதவி, தெரியாவிட்டால் என்ன ஆபத்து’ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் இந்த மாதமே சொல்லுங்கள். அம்மாவிடம் அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து. மாப்பிள்ளையிடம் பரிசத்துக்கு முன்னால். ஆபீஸில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பெரியம்மாவிடம் வேண்டாம்.

இந்தப் பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை. புளோக்கின் கீழ் இருக்கும் கிளினிக் டாக்டர், பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர் ஆகியோர்தான் அவர்கள். லித்தியம் உடம்பிலிருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அதே 800 மில்லிகிராம் ஒரு வாரம் மருந்தாகவும் அடுத்த வாரம் விஷமாகவும் ஆக முடிகிறது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். பல் பிடுங்கியதற்கோ மாதவிடாய் வலிக்கோ இவற்றைச் சாதாரணமாக எழுதிக் கொடுப்பார்கள். தலைவலி, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். லோசார்ட்டான் போன்ற சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். ஆகவே எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் முதல் வாக்கியமாக “நான் லித்தியம் எடுத்துக்கிறேன்” என்று சொல்லிப் பழகுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் வீட்டிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். தம் கொதிப்புக்காக நாளைக்கே அம்மா வீட்டுச் சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்தால், விஷயம் தெரியாமலே உங்கள் லித்திய அளவை ஏற்றிவிடுவார். வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் கஞ்சியும் வெந்நீருமாகக் கிடந்தாலும் அளவு ஏறும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை வெடவெடவென்று பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, அரைத்தூக்கம்போல் மயங்குவது எல்லாம் லித்தியம் அளவுக்கு மிஞ்சியதன் அறிகுறிகள். அந்த நிலையில் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆனால் குழறிப் பேசுகிற நிலையில் நீங்களே டாக்ஸி பிடித்துப் போய் விவரம் சொல்ல முடியாது. கூட வருபவருக்கு மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இந்த ரகசியம் எப்போது வெளியே வரும் என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. ரத்தப் பரிசோதனையை முந்தின இரவு மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டியிருப்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை காலையில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறீர்கள். அப்பாயின்ட்மென்ட்டை நினைவூட்டும் குறுஞ்செய்தி, கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைக்க மறந்த நேரம் பார்த்து வரும். கணக்கில் பணம் போதாமல் அப்பாவின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்த நினைத்தால் அவர் ஒப்புதல் தராமல் நடக்காது. அவருடைய மத்திய சேமநிதி அறிக்கையிலும் அது பதிவாகும். கம்பெனிக் காப்பீட்டில் கிளெய்ம் செய்தால் பில் யார் யார் கண்ணில் படும் என்பதை மனிதவளப் பிரிவில் பொதுவாக விசாரித்துக்கொண்டு பிறகு செய்யுங்கள். மைலோ டின் விஷயமும் இப்படித்தான். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டார். அடுத்தமுறை மாத்திரைப் பட்டையின் பின்புறம் இருக்கும் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. தானாகக் கண்டுபிடிக்கும் தாய்க்கு நோயின் பயத்தோடு ‘என்கிட்டே மறைச்சுட்டாளே’ என்ற வலியும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவதை ஆற்றுவதுதான் கடினம்.

முதலில் அண்ணனிடம் சொல்லச் சொல்கிறேன். அவருடைய குணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவர் வாயடக்கம் உள்ளவர், கோபத்தில் பழைய விஷயத்தை எடுத்து வீசாதவர் என்றால் மட்டும் இது பொருந்தும். இல்லையென்றால் அந்த இடத்தில் நெருங்கிய தோழியையோ சித்தி மகளையோ வையுங்கள். முதல் ஆளுக்கு இரண்டே தகுதிதான்: உங்களுக்கு அவசரம் என்றால் ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவராக இருக்க வேண்டும், நீங்கள் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மனநிலை குறைந்தது மூன்று நான்கு வாரம் சமமாக இருக்கும்போதுதான் இந்தப் பேச்சு. ஏறுமுகத்தில் இருந்தால் தேவைக்கு மேல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவீர்கள். இறங்குமுகத்தில் எதிராளியின் ஒரு நிமிட மௌனம்கூடக் கைவிட்டதாகத் தோன்றும். தீபாவளி வாரம், பாட்டி உடம்புக்கு முடியாத நாள், சண்டை நடந்த ராத்திரி எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதவே வேண்டாம். எழுதியதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட ஒரு விரல் போதும். வீட்டுக்குள்ளும் வேண்டாம். நாலறை வீட்டில் பாட்டி காதில் விழாமல் பேச இடம் கிடையாது. சாப்பாட்டுக்குப் பிறகு யீஷூன் குளக்கரையில் ஒரு சுற்று நடக்கக் கூப்பிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கண் கலங்கினாலும் தெரியாது. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: “அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா முக்கியமானது. போன வருஷம் எனக்கு பைபோலார்னு டாக்டர் சொன்னாங்க. மனநிலை சில நேரம் ரொம்ப ஏறிடும், சில நேரம் ரொம்ப இறங்கிடும். மாத்திரை எடுத்துக்கிறேன், எட்டு மாசமா நல்லா இருக்கேன். உன்கிட்டே ரெண்டு உதவி வேணும்.” பிறகு அந்த இரண்டையும் சொல்லுங்கள். உதவி என்னவென்று சொல்லாமல் நோயை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், கேட்பவர் தானாக ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வார். பெரும்பாலும் அது அம்மாவிடம் போய்ச் சொல்வதாகத்தான் இருக்கும். ஒன்று, நான் சொல்லும்வரை யாரிடமும் சொல்லாதே. இரண்டு, இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அந்தத் தாளை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். ஒரே பக்கம். மேலே மருந்தின் பெயர், அளவு, கிளினிக்கின் தொலைபேசி எண், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி. நடுவே உங்களுக்கே உரிய முன்னறிகுறிகள். புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம். போன தடவை உங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நான்கு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் எழுந்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு ஷாப்பியில் பொருள் பொருளாக வாங்கினேன், பேச்சு வேகம் கூடி அடுத்தவரை முடிக்க விடவில்லை, புதுத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னேன் என்கிற மாதிரி. இறங்குமுகத்துக்கும் அதேபோல. குளிக்கத் தோன்றவில்லை, கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை, செத்துவிடலாம் என்று பேசினேன். கடைசியாக, இதில் இரண்டு அறிகுறி மூன்று நாள் தொடர்ந்தால் என்ன செய்யலாம் என்பது: முதலில் என்னிடம் நேராகச் சொல், வங்கி அட்டையை வாங்கி வை, கிளினிக்கை அழை. நன்றாக இருக்கும்போது நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி அண்ணன் பேசினால், ஏறுமுகத்தில் இருக்கும்போதும் கொஞ்சமாவது காது கொடுப்பீர்கள். தாள் இல்லாவிட்டால் அவர் பொறாமையில் பேசுவதாகத்தான் உங்களுக்குத் தோன்றும். ஏறுமுகத்தில் பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்து அம்மா. இங்கே தமிழில் எந்தச் சொல்லை எடுக்கிறீர்கள் என்பதே பாதி வேலை. ‘மனநோய்’ என்றதும் அம்மா மனக்கண்ணில் உங்கள் மாமா வந்து நிற்பார். அதற்குப் பயந்து ‘சும்மா ஸ்ட்ரெஸ்’, ‘மன உளைச்சல்’ என்று குறைத்துச் சொல்லத் தோன்றும். செய்யாதீர்கள். உளைச்சல் என்றால் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்று மாதம் கழித்து ‘இன்னும் எதுக்கும்மா மாத்திரை’ என்று கேட்பார்கள். அப்போது உங்களிடம் பதில் இருக்காது. ‘இருமுனை மனநிலைக் கோளாறு’ என்ற சொல்லும் வீட்டுப் பேச்சில் ஒட்டாது. “மனநிலை ஏறி இறங்குற நோய். மூளையில வர்றது. உங்களுக்குக் கொதிப்புக்கு மாத்திரை மாதிரி எனக்கு இதுக்கு மாத்திரை. ரொம்ப நாளைக்கு எடுத்துக்கணும்” என்று சொல்லிப் பாருங்கள். கொதிப்பு மாத்திரையை நன்றாக இருக்கும்போதும் நிறுத்தக்கூடாது என்பது அம்மாவுக்கு உடம்பாலேயே தெரியும். அந்த அறிவைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிர்ச்சியைப் பற்றிய பயம் நியாயமானதுதான். அதற்காகச் சொல்லாமல் விட வேண்டியதில்லை, சொல்லும் முறையை மாற்றினால் போதும். அன்று காலை அவர் தம் மாத்திரையைச் சாப்பிட்டிருக்கட்டும், அண்ணன் கூட இருக்கட்டும், ‘இப்போது நன்றாக இருக்கிறேன்’ என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடட்டும். என்ன சொல்வார் என்றும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். “யார் கண்ணு பட்டுச்சோ” என்பார். “என் தம்பி ரத்தம் உனக்கும் வந்துடுச்சே” என்று அழுவார். “கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்” என்றும் சொல்லக்கூடும். ஒவ்வொன்றுக்கும் அப்போதே வாதாட வேண்டாம். கண் திருஷ்டி சுற்றிப் போடட்டும், கோயிலில் அர்ச்சனை செய்யட்டும், அதனால் மருந்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்: மாத்திரையை நிறுத்தச் சொன்னால் முடியாது. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், குறிப்பாக ஏறுமுகம் சீக்கிரமே திரும்பும். நிறுத்த வேண்டிய காரணம் இருந்தால்கூட டாக்டர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

மாமாவைப் பற்றிய பேச்சுக்கு உண்மையைத் தெரிந்து வைத்திருங்கள். இந்த நோய் குடும்பத்தில் வரும் என்பது சரிதான். பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100-க்கு 5 முதல் 10 வரை. தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. சிங்கப்பூரில் 2016-இல் நடத்திய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் இந்த நோய் வந்தவர்கள் மக்கள்தொகையில் 1.6 விழுக்காடு. அதாவது 63 பேரில் ஒருவர். உங்கள் புளோக்கிலேயே இன்னும் சிலர் இருப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லலாம். பெரியவர்கள் இன்னும் வுட்பிரிட்ஜ் என்கிற மருத்துவமனை 1928-இல் தொடங்கியது, 1951-இல் அந்தப் பெயரைப் பெற்றது. 1993-இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி இன்று மனநலக் கழகமாக இயங்குகிறது. மாமாவின் காலத்தில் உள்ளே போனவர்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். இன்று உங்களைப் போன்ற பெரும்பாலானவர்கள் வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அம்மா தம் தம்பியை நினைத்து இத்தனை வருடம் யாரிடமும் அழாமல் இருந்திருக்கலாம். அன்று அவர் அழுதால், அதில் பாதி உங்களுக்கானது அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிறகு அம்மாவை ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் வயதுக்கு வந்தவர் என்பதால் உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர மற்ற நேரங்களில் உங்கள் சம்மதமின்றி டாக்டர் அவரிடம் பேசமாட்டார். ஆகவே எதைச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று நீங்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடலாம். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழில் விளக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். நீங்களே மொழிபெயர்த்தால் கடினமான இடங்களை உங்களை அறியாமலே விழுங்கிவிடுவீர்கள். பராமரிப்பாளர்களுக்கென்றே கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு இலவசப் பயிற்சி நடத்துகிறது. அதற்கு அண்ணனை அனுப்புவது நல்லது.

தைப்பூச வேண்டுதலையும் இந்தச் சமயத்தில்தான் பேச வேண்டும். பல நாள் விரதம், பிறகு சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் நடை. வேர்வையில் உப்பும் தண்ணீரும் போகும், லித்தியம் ஏறும். முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சைவ விரதத்தால் பிரச்சினை இல்லை, தண்ணீர் குடிக்காத விரதம் மட்டும் வேண்டாம். விடியுமுன் நேரத்தில் நடங்கள், தண்ணீரோடு அண்ணன் கூட வரட்டும். டாக்டர் வேண்டாம் என்றால் உங்கள் பேரில் அம்மாவோ அண்ணனோ குடம் எடுக்கலாம்.

இனி மாப்பிள்ளை. உங்கள் மனத்தை அதிகம் அரிப்பது இதுதான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. முதல் சந்திப்பில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மூன்று முறை காப்பி குடித்த ஒருவருக்கு உங்கள் மருத்துவ விவரம் சொந்தமல்ல. ஆனால் பரிசம் போட்ட பிறகு, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு, பத்திரிகை அடித்த பிறகு சொல்வது தாமதம். அந்தக் கட்டத்தில் அவர் ‘சரி’ என்றாலும் அது மனத்தார வந்ததா, கூட்டத்துக்குப் பயந்து வந்ததா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இரண்டு பேரும் ‘இது நடக்கட்டும்’ என்று முடிவு செய்த பின், பெரியவர்கள் நாள் குறிப்பதற்கு முன் இருக்கும் அந்த இடைவெளிதான் சரியான நேரம். நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அம்மா வழியாக அவருடைய அம்மாவுக்குப் போனால், நோயின் பெயர் போய்ச் சேர்வதற்குள் வேறொன்றாக மாறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அரைகுறையாக யாராவது சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். மாதர் சாசனத்தின் 106-ஆம் பிரிவு, திருமண நேரத்தில் ஒருவருக்குத் திருமணத்துக்கே தகுதியற்றவராக்கும் அளவுக்கு மனக்கோளாறு இருந்திருந்தால், அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம் என்கிறது. ‘தகுதியற்றவராக்கும் அளவுக்கு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய், சமமாக வாழ்கிற ஒருவருக்கு நோயின் பெயர் இருப்பது மட்டும் அதற்குப் போதாது. நான் சொல்லச் சொல்வது சட்டத்துக்குப் பயந்து அல்ல. இந்த நோயோடு குடும்பம் நடத்தும்போது கணவருக்கென்று சில வேலைகள் இருக்கின்றன, தெரியாத ஒருவரால் அவற்றைச் செய்ய முடியாது.

கல்யாண வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மருதாணி, நலங்கு, உறவினர் கூட்டம், விடியற்காலை முகூர்த்தத்துக்கு இரண்டு மணிக்கே எழுந்து அலங்காரம். தொடர்ந்து மூன்று இரவு தூக்கம் கெட்டால் ஏறுமுகம் கிளம்பப் போதும். இந்த நோயில் தூக்கம் கெடுவது வெறும் அறிகுறி அல்ல, தூண்டுகோலும் அதுதான். அவருக்குத் தெரிந்தால் ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் கேட்கலாம், முந்தின இரவு நீங்கள் பத்து மணிக்கே படுக்க வழி செய்யலாம். ‘கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்’ என்று வீட்டில் சொன்னால் நடக்கப்போவது இதுதான்: புது வீட்டில் மாத்திரையை ஒளித்து வைப்பீர்கள், பயணத்தில் இரண்டு நாள் தவறும், அதைச் சரிக்கட்ட ஒரே நாளில் இரண்டு மடங்கு போடத் தோன்றும். அப்படி ஒருபோதும் போடக்கூடாது.

பிள்ளை பெறுவதைப் பற்றி அவர் கேட்பார், கேட்க வேண்டும். லித்தியம் எடுக்கும் பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் திட்டமிட்டுப் பெறுகிறார்கள். கருவின் முதல் மூன்று மாதத்தில் லித்தியத்தால் குழந்தையின் இதயத்தில் குறை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. மருந்தளவு கூடக் கூட அதுவும் கூடும். சிலருக்கு மருந்தை மாற்றுவார்கள், சிலருக்கு அளவைக் குறைத்துத் தொடர்வார்கள். அந்த முடிவைக் கருவுறுவதற்கு ஆறு மாதம் முன்பே டாக்டரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டும். நாள் தள்ளிப்போனதும் பயந்து நீங்களாக நிறுத்தக்கூடாது. எப்போதாவது சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்துக்கு மாற்றலாம் என்ற பேச்சு வந்தால், பிள்ளை பெறும் எண்ணம் இருப்பதை உடனே சொல்லுங்கள். கருவுக்கு அது மிகக் கெடுதலானது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில்தான் நோய் திரும்பும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அப்போது ராத்திரிப் பாலூட்டும் முறையை யாரோ ஒருவர் பகிர்ந்துகொண்டு உங்களைத் தூங்க விட வேண்டும். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் கருவுற்ற, பிரசவித்த பெண்களின் மனநலத்துக்கென்றே தனிச் சேவை உண்டு.

அவரிடம் நீளமாகப் பேச வேண்டாம். நோயின் பெயர், எப்போதிலிருந்து, என்ன மருந்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள், இவ்வளவு போதும். மருத்துவ அறிக்கையைக் கையில் கொடுக்காதீர்கள், அது யார் யார் கைக்கோ போகும். “நீங்க இன்னிக்கே பதில் சொல்ல வேணாம். ரெண்டு வாரம் எடுத்துக்குங்க. கேள்வி இருந்தா என் டாக்டர்கிட்டே ஒண்ணாப் போகலாம். ஒண்ணே ஒண்ணு, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளே இருக்கட்டும்” என்று முடியுங்கள். அடுத்த நாளே ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று செய்தி அனுப்பினால் அதை முழுப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படித்துவிட்டு, பயந்துவிட்டு, நான்கு கேள்விகளோடு திரும்பி வருபவரையே நான் அதிகம் நம்புவேன். மாட்டேன் என்றால் வலிக்கும். வெளியில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒத்து வரவில்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அவரும் அதையே சொல்லட்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஆபீஸைப் பற்றிச் சுருக்கமாக. வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பது நியாயமற்ற நடைமுறை என்பது நியாயமான வேலை நடைமுறைகளுக்கான டஃபெப் என்னும் முத்தரப்புக் கூட்டணியின் நிலைப்பாடு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும், பாகுபாடு காட்டக்கூடாதவற்றின் பட்டியலில் மனநலப் பாதிப்பைச் சேர்த்திருக்கிறது. இரவு ஷிப்ட் வேண்டாம் என்பது போன்ற குறிப்பிட்ட ஏற்பாடு தேவைப்பட்டால் மட்டும், அந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். காப்பீட்டு விண்ணப்பம் வேறு கதை. அதில் கேட்டால் உண்மையை எழுதத்தான் வேண்டும், மறைத்தால் பின்னால் பணம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள்.

பெரியம்மா கேட்டால், “டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க, நல்லா இருக்கேன் பெரியம்மா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். அது பொய் அல்ல. அம்மாவுக்கும் இதே வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள். மனம் தாங்காமல் அக்காவிடம் அழத் தோன்றும் ராத்திரிக்கு அவருக்கு அது தேவைப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எப்போதாவது வாழ வேண்டாம் என்று தோன்றினால், வீட்டில் யாருக்குச் சொல்லியாயிற்று, சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிங்கப்பூர் அபயக்கரச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் 6389 2222 மூன்றிலும் இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமல்ல, ஆகவே போலீஸுக்குப் பயந்து யாரும் அழைக்காமல் இருக்க வேண்டாம்.

சொன்ன பிறகு முதல் சில வாரங்களில் ஒரு தொல்லை கட்டாயம் வரும். அதற்குத் தயாராக இருங்கள். வாய்விட்டுச் சிரித்தால் ‘ஏறுதோ’ என்று அம்மா அண்ணனைப் பார்ப்பார். கதவைச் சாத்தினால் ‘இறங்கிடுச்சோ’ என்று பின்னாலேயே வருவார். உங்கள் சாதாரணக் கோபம்கூட நோயாகிவிடும். மருந்தைவிட இதுதான் பலரைச் சோர்வடையச் செய்கிறது. சண்டை போடாமல் அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து வைத்து, இதில் எழுதியிருப்பது மட்டும்தான் கணக்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். மைலோ டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏழு நாளுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, அம்மாவின் கொதிப்பு மாத்திரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இன்றைக்குப் போட்டாயிற்றா என்று அவர் கேட்காமலே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்க அவருக்கு அனுமதி கொடுங்கள்: “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?” அதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.